இருட்டுக் கடலுக்கு மேலே சிறு விமானங்கள் ஏன் விழுகின்றன

1999 ஜூலை 16, வெள்ளிக்கிழமை இரவு 8 மணி 38 நிமிடத்துக்கு, நியூஜெர்சி மாநிலத்தின் எசெக்ஸ் கவுன்ட்டி விமானநிலையத்திலிருந்து ஒற்றை எஞ்சின் கொண்ட பைப்பர் சரட்டோகா ரக விமானம் ஒன்று புறப்பட்டது. ஓட்டியவர், அமெரிக்காவின் மறைந்த ஜனாதிபதி ஜான் எஃப். கென்னடியின் மகனான 38 வயது ஜான் எஃப். கென்னடி ஜூனியர். உடன் சென்றவர்கள் அவருடைய மனைவி கரோலின் பெசெட், கரோலினின் அக்கா லாரன் பெசெட். மாசசூசெட்ஸ் கரைக்கு அப்பால் இருக்கும் மார்த்தாஸ் வின்யார்ட் தீவில் லாரனை இறக்கிவிட்டு, மறுநாள் ஹயானிஸ் போர்ட்டில் நடக்கவிருந்த உறவினர் திருமணத்துக்குக் கணவனும் மனைவியும் போவதாக ஏற்பாடு. புறப்பட்ட ஒரு மணி நேரத்துக்குச் சற்றுப் பின், தீவின் மேற்கு முனைக்கு ஏறத்தாழ ஏழரை மைல் தென்மேற்கே விமானம் கடலில் விழுந்து மூவரும் இறந்தார்கள். ஐந்தாம் நாள்தான் சுமார் 120 அடி ஆழத்திலிருந்து உடல்கள் மீட்கப்பட்டன.

கென்னடி குடும்பத்தின் மீது ஏதோ சாபம் இருப்பதாக அப்போது பல பத்திரிகைகள் எழுதின. இந்த விபத்தைச் சாபம் என்று சொல்வது, அதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியதை மூடி மறைப்பதாகும். ஏனெனில் இதே விதமான விபத்து, பெயர் தெரியாத எத்தனையோ விமானிகளுக்கு நேர்ந்திருக்கிறது; இனியும் நேரக்கூடியது. அந்த இரவில் புயல் இல்லை, மழை இல்லை, பனிக்கட்டி படியும் குளிரும் இல்லை. விமானத்தின் பாகங்களைக் கடலடியிலிருந்து எடுத்து ஆராய்ந்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், நீரில் மோதிய கணத்திலும் எஞ்சின் இயங்கிக்கொண்டிருந்ததாகவே கண்டது. இயந்திரக் கோளாறு எதுவும் தென்படவில்லை. 2000 ஜூலையில் வெளியான அறிக்கை சொன்ன காரணம் இதுதான்: இரவில் நீர்ப்பரப்பின் மேல் இறங்கிக்கொண்டிருந்தபோது, விமானம் எந்த நிலையில் இருக்கிறது என்ற உணர்வு விமானிக்குக் குழம்பியது, அதனால் கட்டுப்பாடு தவறியது, மூட்டமும் இருண்ட இரவும் அதற்குத் துணைக் காரணங்கள்.

அன்று அவர் எந்த விதியையும் மீறிப் பறக்கவில்லை என்பதுதான் இதில் மிகவும் யோசிக்க வேண்டிய செய்தி. அமெரிக்காவில் சாதாரணத் தனியார் விமானி உரிமம் வைத்திருப்பவர், வெளியே பார்த்து ஓட்டும் வி.எஃப்.ஆர். விதிகளின் கீழ் இரவிலும் பறக்கலாம். பெரும்பாலான கட்டுப்பாட்டு வான்வெளியில் மூன்று மைல் தொலைவு கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்பது சட்டம். அன்று புறப்பட்ட இடத்திலும் சேர வேண்டிய இடத்திலும் வந்த வானிலை அறிக்கைகள் அந்த அளவுக்கு மேலாகவே காட்டின. மார்த்தாஸ் வின்யார்ட் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் பொறுப்பாளர், அன்றிரவு வானில் நட்சத்திரங்களைப் பார்த்ததாகப் பின்னர் விசாரணையில் கூறினார்.

ஆனால் நிலத்திலிருந்து மேலே பார்ப்பது வேறு, ஐயாயிரம் அடி உயரத்திலிருந்து பக்கவாட்டில் பார்ப்பது வேறு. அன்றிரவு அதே வான்வெளி வழியாக நான்டக்கெட் தீவுக்குப் போய்க்கொண்டிருந்த இன்னொரு விமானி, மார்த்தாஸ் வின்யார்ட் தெரிகிறதா என்று பார்க்கவே தன் விமானத்தைத் திருப்பியிருக்கிறார். விளக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை, தொடுவானமும் தெரியவில்லை, தீவு முழுவதும் மின்சாரம் போய்விட்டதோ என்று நினைத்ததாக விசாரணையாளர்களிடம் அவர் சொன்னார். கோடை மாதங்களில் அந்தக் கரையோரம் ஈரப்பதம் மிகுந்து வெண்ணிற மூட்டம் படர்வது வழக்கம். பகலில் அது தொலைவை மங்கலாக்குவதோடு நின்றுவிடுகிறது. இரவில், அதுவும் கீழே விளக்கே இல்லாத கடலுக்கு மேலே, வானத்தையும் நீரையும் பிரிக்கும் கோட்டை அது முழுவதுமாக அழித்துவிடுகிறது. அமாவாசை கழிந்து மூன்று நான்கு நாட்களே ஆகியிருந்த பிறை, மேற்கே தாழ்ந்து, கிழக்கு நோக்கிச் சென்ற விமானத்தின் முதுகுப் பக்கம் இருந்தது. அதனால் அதுவும் உதவவில்லை.

வானிலை அறிக்கையில் காற்றின் வேகம் இருக்கும், மேகத்தின் உயரம் இருக்கும், எவ்வளவு தொலைவு தெரியும் என்ற மைல் கணக்கு இருக்கும். தொடுவானம் தெரியுமா என்பதற்கு அதில் இடமே இல்லை. விமானி வெளியே பார்த்து ஓட்டுவதற்கு உண்மையில் தேவைப்படுவதோ அந்தத் தொடுவானம்தான். பத்து மைல் தொலைவில் ஒரு விளக்கு தெரிவதால் விமானத்தின் இறக்கை சாய்ந்திருக்கிறதா, மூக்கு தாழ்ந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடாது. ஆகவே, நிலவில்லாத இரவில் கரையை விட்டு விலகிக் கடலுக்கு மேல் செல்லும் எந்த விமானியும், சட்டம் அதற்கு என்ன பெயர் வைத்திருந்தாலும், கருவிகளை மட்டுமே நம்பிப் பறக்க வேண்டிய நிலையில் இருக்கிறார். இதைப் புறப்படும் முன்பே ஒப்புக்கொள்பவருக்கும், நடுக்கடலில் போய்த்தான் உணர்பவருக்கும் இடையே இருக்கும் வேறுபாடு, பல நேரங்களில் உயிருக்கும் சாவுக்குமான வேறுபாடாக இருக்கிறது.

கென்னடியின் விமானம் கடந்த பாதையை ரேடார் பதிவுகள் காட்டுகின்றன. 5,500 அடி உயரத்தில், கனெக்டிகட், ரோட் ஐலண்ட் கரையோரமாகவே அது கிழக்கே சென்றது. அதுவரை இடப்பக்கம் ஊர்களின் விளக்குகள் இருந்திருக்கும். ரோட் ஐலண்டின் பாயின்ட் ஜூடித் முனையைத் தாண்டியதும் கரை வடக்கே வளைந்து விலகுகிறது. விமானமோ நேரே தீவை நோக்கித் திறந்த கடலுக்கு மேல் சென்றது. தீவுக்கு 34 மைல் இருக்கும்போது இறக்கம் தொடங்கியது. 9 மணி 38 நிமிட அளவில், காரணம் புரியாத ஒரு வலப்பக்கத் திருப்பம். சுமார் அரை நிமிடம் கழித்து 2,200 அடியில் இறக்கம் நின்று, மறுபடி ஏற்றம். 2,500 அடியில் சமநிலை, தென்கிழக்கே பயணம். பின் ஓர் இடப்பக்கத் திருப்பம், 2,600 அடி வரை ஏற்றம், மீண்டும் இறக்கம். 9 மணி 40 நிமிடம் 15ஆம் வினாடியில் இன்னொரு வலப்பக்கத் திருப்பம் தொடங்கியது. திருப்பம் இறுக இறுக வேகமும் இறக்கமும் கூடின. நிமிடத்துக்கு 4,700 அடிக்கு மேற்பட்ட வேகத்தில் விமானம் கீழே பாய்ந்தது. 34ஆம் வினாடியில், 1,100 அடி உயரத்தில், கடைசி ரேடார் புள்ளி பதிவானது. அந்த உயரத்திலிருந்து நீரைத் தொட மேலும் பதினைந்து வினாடிகூட ஆகியிருக்காது.

இந்தத் தடத்தில் பைத்தியக்காரத்தனமோ பதற்றமோ முதலில் தெரிவதில்லை. திரும்பி, சரிசெய்து, ஏறி, சமன்செய்து என்று அவர் முயன்றுகொண்டிருந்ததாகவே தோன்றுகிறது. அவர் என்ன உணர்ந்தார் என்பதை யாரும் அறிய முடியாது. ஆனால் அந்த நிலையில் மனித உடல் என்ன செய்யும் என்பது நன்கு ஆராயப்பட்டிருக்கிறது.

நம் உட்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. தலை திரும்பும்போது அவற்றுக்குள் இருக்கும் திரவம் சற்றுப் பின்தங்குகிறது. அந்தப் பின்தங்கலை நுண்ணிய மயிரணுக்கள் உணர்ந்து, திரும்புகிறோம் என்று மூளைக்குச் சொல்கின்றன. இந்த ஏற்பாடு நடப்பதற்கும் ஓடுவதற்கும் அமைந்தது. ஒரே சீரான திருப்பம் பத்து இருபது வினாடிகளுக்கு நீடித்தால், திரவமும் குழலோடு சேர்ந்து அதே வேகத்தில் சுற்றத் தொடங்கிவிடும். அதன் பிறகு திருப்பம் இருப்பதாகவே காது சொல்லாது. தட்டாமாலை சுற்றிவிட்டுச் சட்டென்று நிற்கும் குழந்தைக்கு உலகம் எதிர்ப்பக்கமாகச் சுற்றுவது போலத் தோன்றுவது, நின்ற பிறகும் திரவம் நகர்ந்துகொண்டிருப்பதால்தான். குழந்தைக்குத் தரையும் சுவரும் கண்ணில் படுகின்றன. சில நொடிகளில் மயக்கம் தெளிகிறது. இருட்டுக் கடலுக்கு மேலே இருக்கும் விமானிக்கு, காது சொல்வது பொய் என்று காட்டிக்கொடுக்க வெளியே எதுவும் இல்லை.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. விமானம் மிக மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தச் சாய்வைக் காது கவனிப்பதே இல்லை. சரியான முறையில் திரும்பும் விமானத்தில் எடை இருக்கைக்குள் நேராகவே அழுத்துவதால், உட்கார்ந்திருப்பவருக்குத் தாம் சமமாக இருப்பதாகவே தோன்றும். இப்படித் தெரியாமல் சாய்ந்த விமானம் மூக்கைத் தாழ்த்தி இறங்கத் தொடங்குகிறது. உயரம் குறைவதைக் கவனிக்கும் விமானி, சாய்வை அறியாததால், கட்டுப்பாட்டுச் சுக்கானைத் தன் பக்கம் இழுக்கிறார். சமமாகப் பறக்கும் விமானத்தில் அப்படி இழுத்தால் மூக்கு உயரும். சாய்ந்திருக்கும் விமானத்தில் திருப்பம் மேலும் இறுகும், வேகம் மேலும் கூடும், இறக்கம் மேலும் செங்குத்தாகும். விமானிகள் இதை மரணச் சுழல் என்கிறார்கள். செய்ய வேண்டியது, முதலில் இறக்கையைச் சமன்செய்துவிட்டு, பிறகு மெல்ல மூக்கை உயர்த்துவது. பகலில் இது எந்தப் பயிற்சி மாணவருக்கும் எளிது. ஆனால் இறக்கையைச் சமன்செய்யும் அந்தக் கணத்தில், காது எதிர்ப்பக்கம் சாய்வதாகக் கூச்சலிடும். அந்தக் கூச்சலைக் கேட்டு மறுபடியும் பழைய சாய்வுக்கே விமானத்தைக் கொண்டுபோய்விடுபவர்கள் பலர்.

1954ஆம் ஆண்டு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு இதை அளந்து காட்டியது. கருவிகளை வைத்துப் பறக்கும் பயிற்சி இல்லாத 20 பேரை, வெளியே பார்க்க முடியாதபடி செய்து, பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க, விமானத்தை ஓட்டச் சொன்னார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். அவர்களில் பத்தொன்பது பேர் போய் விழுந்தது அந்த மரணச் சுழலில்தான். சிலருக்கு 20 வினாடி போதுமானதாக இருந்தது, ஒருவர் 480 வினாடி தாக்குப்பிடித்தார். சராசரி 178 வினாடி, அதாவது மூன்று நிமிடத்துக்கும் குறைவு. கருவிப் பயிற்சி முடித்தவர்களும் இதில் முழுக்க விலக்குப் பெற்றவர்கள் அல்லர். வெளிப்பார்வை திடீரென்று மறைந்தால், தேர்ந்த விமானிக்கே கருவிகளைக் கொண்டு முழுக் கட்டுப்பாட்டுக்கு வர 35 வினாடி வரை ஆகலாம் என்று அமெரிக்க ஃபெடரல் விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் பழைய ஆலோசனைச் சுற்றறிக்கை கூறுகிறது.

கென்னடி புதியவரும் அல்லர், தேர்ந்தவரும் அல்லர். அந்த இடைநிலைதான் விமானிகளுக்கு ஆபத்து மிகுந்த காலம். மொத்தம் சுமார் 310 மணி நேரம் பறந்திருந்தார், அதில் 55 மணி நேரம் இரவில். அந்த விமானத்தை அவர் வாங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன; அதில் பயிற்சியாளர் இல்லாமல் பறந்தது ஏறத்தாழ மூன்று மணி நேரம், அதிலும் இரவில் ஒரு மணி நேரத்துக்குக் குறைவு. வழி அவருக்குப் பழக்கமானது. முந்தைய பதினைந்து மாதங்களில் அதே வட்டாரத்துக்குப் போகவும் வரவுமாக ஏறத்தாழ 35 முறை பறந்திருந்தார். கருவிப் பயிற்சிப் பாடத்திட்டத்தில் பாதியளவு முடித்திருந்தார். அவருக்குக் கற்பித்த பயிற்சியாளர்களில் ஒருவர், அன்றைய வானிலையில், அந்த வழியில், இரவில் அவர் தனியாகப் பறப்பது தமக்கு உடன்பாடாக இருந்திருக்காது என்று விசாரணையில் சொன்னார். இன்னொரு பயிற்சியாளர் அன்று தாமே உடன் வருவதாகச் சொல்ல, தனியாகப் போகவே விரும்புவதாகக் கென்னடி பதில் அளித்திருக்கிறார்.

இதை வைத்து இறந்தவரை அகங்காரம் பிடித்தவர் என்று தீர்ப்பு எழுதியவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. மாலை வெளிச்சத்திலேயே விமானநிலையத்துக்கு வந்துவிடுவதாகத்தான் அவர் முதலில் சொல்லியிருந்தார். நேரம் தள்ளிப்போயிற்று. மறுநாள் கல்யாணம், காத்திருக்கும் சொந்தபந்தம், உடன் இருவர், பழகிய வழி, அனுமதிக்கும் சட்டம், நல்லதாகத் தெரியும் வானிலை அறிக்கை. இத்தனையும் ஒரு பக்கம் தள்ள, மறுபக்கம் இழுத்துப் பிடிக்க எதுவும் இல்லை. ஆறு மணிக்குக் கிளம்பியிருந்தால் கண்ணால் பார்த்து ஓட்டக்கூடிய பயணமாக இருந்திருக்கும். எட்டரைக்கு மேல் கிளம்பியபோது அது வேறு பயணமாகிவிட்டது. வழியும் விமானமும் மாறாதபோது, பயணம் மாறிவிட்டது என்பதை உணர்வது எவருக்கும் கடினம்.

அனுபவம் மட்டுமே காப்பாற்றிவிடும் என்று எண்ணுபவர்களுக்கு நம் நாட்டிலேயே கசப்பான உதாரணம் இருக்கிறது. 1978 ஜனவரி 1 அன்று இரவு பம்பாயிலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட ஏர் இந்தியாவின் போயிங் 747 விமானம், ஓடுபாதையை விட்டு எழுந்த இரண்டு நிமிடத்துக்குள் பாந்த்ரா கரைக்கு அப்பால் அரபிக்கடலில் விழுந்து, அதிலிருந்த 213 பேரும் இறந்தார்கள். அது சிறு விமானமும் அல்ல, ஓட்டியவர் அனுபவம் குறைந்தவரும் அல்லர். தலைமை விமானியின் முன்னிருந்த செயற்கைத் தொடுவானக் கருவி பழுதாகி, விமானம் வலப்பக்கம் சாய்ந்திருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்வதாக எண்ணி அவர் இடப்பக்கம் சாய்த்துக்கொண்டே போனார். பம்பாயின் விளக்குகள் பின்னால் போய்விட, முன்னால் இருட்டுக் கடல். ஒரே ஒரு தொடுவானக் கோடு தெரிந்திருந்தால் கருவி பொய் சொல்கிறது என்பது நொடியில் விளங்கியிருக்கும். இரண்டு விமானிகளும், ஒரு எஞ்சினியரும், ஒன்றுக்கு மேற்பட்ட தொடுவானக் கருவிகளும் இருந்த விமானத்துக்கே இந்த நிலை என்றால், எஞ்சின் இயக்கும் வெற்றிடப் பம்பினால் ஓடும் ஒரே ஒரு தொடுவானக் கருவியோடு பறக்கும் பழைய சிறு விமானங்களைப் பற்றி என்ன சொல்வது? அந்தப் பம்பு நின்றால் கருவி உடனே அணைந்துவிடாது; மெல்ல மெல்லச் சாயும். பொய்யும் மெய்யும் கலந்து காட்டும் அந்தச் சில நிமிடங்கள், கருவி முற்றிலும் நின்றுபோவதைவிட மோசமானவை.

காதைப் போலவே கண்ணும் இருட்டில் ஏமாறும். இருளுக்குக் கண் முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். காக்பிட்டில் ஒரு வெள்ளை விளக்கைப் போட்டுவிட்டால் அந்தப் பழக்கம் போய்விடும். தனித்த ஒரு விளக்கையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால், அசையாத அந்த விளக்கு நகர்வதாகத் தோன்றும். இராமேசுவரத்திலோ நாகப்பட்டினத்திலோ இரவில் கடலுக்குள் சிதறிக் கிடக்கும் மீன்பிடிப் படகுகளின் வெளிச்சத்தைப் பார்த்தவர்களுக்கு, எது படகு எது நட்சத்திரம் என்று ஒரு கணம் பிடிபடாமல் போவது தெரிந்திருக்கும். வானத்தில் இருப்பவருக்கும் அதே குழப்பம் வரும், அதை நம்பி அவர் விமானத்தையே சாய்த்துவிடுவார். சாய்ந்து செல்லும் கரையோர விளக்கு வரிசையைத் தொடுவானமாக எடுத்துக்கொண்டு, அதற்கு இணையாக இறக்கையை வைத்துவிடுவதும் உண்டு. தரையிறங்கும்போது இன்னொரு கண்ணி காத்திருக்கிறது. முன்னால் ஓடுபாதை விளக்குகள் மட்டும், அதுவரை இடையில் கருங்கடல் என்றிருந்தால், தாம் மிக உயரத்தில் இருப்பதாக விமானிக்குத் தோன்றும். அவர் மேலும் மேலும் தாழ்ந்து வந்து, ஓடுபாதைக்கு முன்பாகவே நீரில் இறங்கிவிடக்கூடும்.

2019 ஜனவரி 21 இரவில் நடந்தது, இந்த ஆபத்தோடு வேறொன்றும் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்பதைக் காட்டுகிறது. கார்டிஃப் சிட்டி அணியில் சேர ஒப்பந்தமான அர்ஜென்டினா கால்பந்து வீரர் எமிலியானோ சாலாவை ஏற்றிக்கொண்டு, பிரான்சின் நான்ட் நகரிலிருந்து கிளம்பிய பைப்பர் மாலிபு விமானம், ஆங்கிலக் கால்வாயில் கெர்ன்சி தீவுக்கு வடக்கே விழுந்தது. பிரிட்டனின் விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவு கண்டவை வரிசையாக அச்சமூட்டுபவை. விமானிக்கு இரவில் பறக்கும் தகுதிச் சான்று இல்லை. கட்டணம் வாங்கிப் பயணி ஏற்றும் உரிமமும் இல்லை. வழியில் மேகங்களைத் தவிர்க்க உயரத்தை மாற்ற அனுமதி கேட்டிருக்கிறார். இறுதியில், விமானத்தின் வடிவமைப்பு தாங்கக்கூடிய வேகத்தை வெகுவாக மிஞ்சிய நிலையில் அது வானிலேயே உடைந்தது. சாலாவின் இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு கலந்த ஹீமோகுளோபின் 58 சதவீதம் இருந்தது. எஞ்சினின் புகை எப்படியோ உள்ளே கசிந்திருக்கிறது, விமானியும் அதே காற்றைத்தான் சுவாசித்திருப்பார். சாலாவின் உடல் கிடைத்தது, விமானியின் உடல் கிடைக்கவே இல்லை. நிறமும் மணமும் இல்லாத அந்த வாயுவைக் கண்டு எச்சரிக்கும் சிறு கருவியின் விலை, விமானத்தின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. பிஸ்டன் எஞ்சின் விமானங்களில் அத்தகைய கருவியைக் கட்டாயமாக்க வேண்டும் என்று புலனாய்வுப் பிரிவு பரிந்துரைத்தது. அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தவர், விமானத்தின் பாதுகாப்புக்கு ஆபத்து விளைவித்த குற்றத்துக்காக 2021இல் பதினெட்டு மாதச் சிறைத்தண்டனை பெற்றார்.

நாடுகள் இந்த ஆபத்தை ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் தனியார் உரிமப் பயிற்சிக்குள்ளேயே மூன்று மணி நேர இரவுப் பறத்தலும், பத்து முறை ஏறி இறங்குவதும், மூன்று மணி நேரக் கருவிப் பயிற்சியும் அடங்கிவிடுகின்றன. அதற்கு மேல் தனிச் சான்று வேண்டியதில்லை. ஐரோப்பாவில் இரவுக்கென்று தனித் தகுதிச் சான்று பெற வேண்டும். அதற்குக் குறைந்தது ஐந்து மணி நேர இரவுப் பயிற்சி. இந்தியாவிலோ சூரியன் மறைந்ததும் வி.எஃப்.ஆர். பறத்தல் பொதுவாகவே முடிந்துவிடுகிறது. கட்டுப்பாட்டு மையம் விலக்கு அளிக்கும் உள்ளூர்ப் பறத்தல் போன்றவை தவிர, இரவில் பறப்பவர் கருவி விதிகளின்படிதான் பறக்க வேண்டும். நம் விதி கடுமையானது என்று குறைப்படுபவர்கள் உண்டு. ஆனால் கடலுக்கு மேல் இரவில் போவதைப் பொறுத்தவரை, உண்மை நிலைக்கு மிக அருகில் இருப்பது அந்த விதிதான் என்பது என் கருத்து. அமெரிக்க ஏற்பாட்டின் குறை, இரவைத் திறந்துவிட்டதில் இல்லை. ஊர் விளக்குகளுக்கு மேல் பறக்கும் இரவையும், இருட்டு நீருக்கு மேல் பறக்கும் இரவையும் ஒன்றாகவே எண்ணியதில்தான் இருக்கிறது. மூன்று மணி நேரக் கருவிப் பயிற்சி, தவறி மேகத்துக்குள் நுழைந்தவர் திரும்பி வெளியே வருவதற்கான பயிற்சி; அரை மணி நேரம் கடலைக் கடந்து, இறங்கி, ஒரு தீவைக் கண்டுபிடிப்பதற்கு அது எப்படிப் போதும்? முழுக் கருவித் தகுதிக்கு அந்நாட்டு விதியே 40 மணி நேரம் கேட்கிறது.

விதி எதுவானாலும், புறப்படுபவர் கையில் சில வழிகள் இருக்கவே செய்கின்றன. முதலாவது பாதை. கென்னடி சென்ற அதே இடத்துக்குக் கரையோர விளக்குகளை விடாமல் வடகிழக்கே சென்று, கேப் காட் முனைக்கு அருகிலிருந்து சில மைல் அகலமே உள்ள நீரிணையைக் கடந்தும் போயிருக்கலாம். பத்து நிமிடம் கூடுதலாகப் பிடித்திருக்கும், அவ்வளவுதான். அடுத்தது, தரையில் இருப்பவரோடு பேசிக்கொண்டே போவது. அன்று அவர் பயணத்திட்டம் பதிவு செய்யவில்லை. கிளம்பிய பிறகு எந்தக் கட்டுப்பாட்டு மையத்தோடும் பேசவில்லை. இரண்டும் சட்டப்படி தேவையில்லை என்பது சரிதான். ஆனால் குழப்பம் வந்த நிமிடத்தில், ரேடார் திரையின் முன் இருக்கும் ஒருவர் இறக்கையைச் சமமாக வைத்து நேரே போகுமாறு சொல்வது, ஒரு மனிதரைத் தன் காதின் பிடியிலிருந்து மீட்கப் போதுமானதாக இருக்கலாம். அந்த விமானத்தில் ஆட்டோபைலட்டும் இருந்தது. கருவிக்குக் காது இல்லை. உயரத்தையும் திசையையும் அதனிடம் ஒப்படைத்துவிட்டு மூச்சுவிட்டுக்கொள்வதை எந்த விமானியும் அவமானமாகக் கருதக் கூடாது. ஆனால் அதை எந்தப் பொத்தானில், எந்த வரிசையில் இயக்குவது என்பது, இருட்டில் தேடாமல் விரல் தானாகப் போகும் அளவுக்குப் பகலிலேயே பழகியிருக்க வேண்டும்.

எஞ்சின் நின்றுபோவதைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. பயணிகள் முதலில் அஞ்சுவது அதற்குத்தான் என்றாலும், இருட்டில் நிலை மறப்பதுபோல் அது அரவமில்லாமல் வருவதில்லை. வந்தால் கொடியதுதான். செஸ்னா 172 போன்ற விமானம் எஞ்சின் இல்லாமல் ஓர் அடி இறங்கும்போது ஏறத்தாழ ஒன்பது அடி முன்னால் போகும். 5,500 அடியிலிருந்து எட்டுக் கடல் மைல் அளவில் மிதந்து செல்லலாம். அதற்குள் கரை இல்லையென்றால் நீர்தான். பகலில் அலையின் போக்கைப் பார்த்து அதற்கு இணையாக இறங்க முயலலாம். இரவில் அலையும் தெரியாது, நீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்பதும் தெரியாது. சக்கரம் உள்ளிழுக்கப்படாத விமானம் நீரைத் தொட்டதும் மூக்குக் குத்திக் கவிழக்கூடும். கவிழ்ந்த விமானத்துக்குள், தலைகீழாக, இருட்டில், பெல்ட்டைக் கழற்றிக் கதவைத் தேட வேண்டும். அந்த நிலையில் இருக்கைக்கு அடியில் உறைக்குள் மடித்து வைத்த மிதவைச் சட்டை யாருக்கும் உதவப்போவதில்லை. கட்டணம் வாங்கிப் பயணம் செய்விக்கும் விமானங்களுக்குத்தான், கரையைத் தொட முடியாத தொலைவுக்குப் போனால் மிதவை சாதனம் வேண்டும் என்று அமெரிக்க விதி சொல்கிறது; சொந்த விமானத்தில் குடும்பத்தை அழைத்துப் போகும் ஒற்றை எஞ்சின் விமானிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கடலுக்கு மேல் போகும் சிறு விமானத்தில் ஏறும் ஒவ்வொருவரும், பகலானாலும் இரவானாலும், எஞ்சினைக் கிளப்புவதற்கு முன்பே மிதவைச் சட்டையை உடம்பில் அணிந்திருக்க வேண்டும். காற்றடைப்பதை வெளியே வந்த பிறகு செய்ய வேண்டும் என்பதும், கதவு எப்படித் திறக்கும் என்பதும் அவர்களுக்குத் தரையிலேயே சொல்லப்பட்டிருக்க வேண்டும். நண்பர் ஓட்டும் விமானத்தில் இரவில் தீவுக்குப் போக அழைக்கப்படுபவர், இதைக் கேட்பதோடு கருவித் தகுதி இருக்கிறதா, வழி கரையோரமா, அன்று நிலவு உண்டா என்ற மூன்றையும் கேட்டுவிடலாம். பதில் திருப்தியாக இல்லையென்றால் காலையில் போகலாம் என்று சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு; நல்ல விமானி அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.